தொப்புள்கொடி ரத்தத்தில் புகையின் தடம்

கர்ப்பிணி புகைபிடித்தால் குறைப்பிரசவம் கூடும் என்பதை 1957-இல் எண்ணிக்கையோடு காட்டியவர் வினியா சிம்ப்சன். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பகுதி மருத்துவமனைகளில், புகைபிடிக்கும் தாய்மாரிடம் குறைப்பிரசவம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஆனால், அதற்குத் தாயின் வாய்மொழியே சான்று. கேட்டால் மறைப்பவரும் உண்டு, மறந்தவரும் உண்டு. பின்னர் ரத்தத்தில் கோட்டினைன் அளக்கும் முறை வந்தது. நிகோடின் சிதைந்து உண்டாகும் இப்பொருள் சில நாட்களில் கழிந்துவிடும். பத்து மாதக் கணக்கை அது சொல்லாது.

அந்தக் கணக்கு டிஎன்ஏ-வின் மேல் பதிந்திருந்தது. மரபெழுத்து மாறாமலே, அதில் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு மரபணுவின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். 2012-இல் பானி ஜூபேர் குழுவினர் நார்வேயில் பிறந்த 1,062 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் சுமார் 4,50,000 இடங்களைச் சோதித்தனர். 10 மரபணுக்களில் 26 இடங்கள் பிடிபட்டன. கர்ப்பத்தில் புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் மெத்தில் குறைந்திருந்தது, சிஒய்பி1ஏ1-இல் கூடியிருந்தது. புகையிலுள்ள நச்சை உடல் எதிர்கொள்ளும் ஒரே வேதிப்பாதையைச் சேர்ந்தவை இரண்டும்.

2014-இல் அதே குழு இன்னொன்றைக் கண்டது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே புகையை விட்டவர்களின் குழந்தைகளிடம் இந்தத் தடம் தெரியவில்லை. மறுபக்கம், பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைத் தொடர்ந்த 2015 ஆய்வில், சில இடங்களின் மாற்றம் 17 வயதிலும் அழியாமல் இருந்தது. 2016-இல் 13 ஆய்வுத் தொகுதிகளின் 6,685 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இடங்கள் 6,000-ஐத் தாண்டின.

இந்த வரலாற்றை மூணாறுக்கு அருகே மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டங்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தலைமுறைகளாக இங்கே கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்களுக்கு சிகரெட் பழக்கமில்லை. புகையிலை இருப்பது சுருக்குப்பையில்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு போயிலை. 2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர் 2 சதவீதம். புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோர் 12.8 சதவீதம்.

மெல்லும் புகையிலையும் கருவை விட்டுவைப்பதில்லை. மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யாவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இப்பழக்கம் உள்ளவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. ஆனால் அந்த 105 கிராமை ஏஎச்ஆர்ஆர் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2014-இல் ஸ்வீடனில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், புகைப்பவரிடம் தெளிவாகத் தெரிந்த மெத்தில் மாற்றங்கள் ஸ்நஸ் என்ற வாய்ப்புகையிலையை வைப்பவரிடம் தென்படவில்லை. அந்தத் தடத்தைப் பதிப்பது நிகோடின் அல்ல, எரிந்த பொருள்.

எரிந்த பொருளுக்கு லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு, அடுப்படியிலும் பஞ்சமில்லை. விறகுப் புகையிலும் சிகரெட் புகையிலுள்ள பலவளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டு. தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்தி 2018-இல் வெளிவந்த ஆய்வில், காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது.

ஆகவே தோட்டத்துக் குழந்தை ஒன்றின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் தடம் தெரிந்தால், தாயின் சிகரெட்டைத் தேடுவதற்கு முன் அடுப்பையும் வீட்டு ஆண்களின் பீடியையும் விசாரிக்க வேண்டும். தடமே இல்லாமல் எடை குறைந்திருந்தால், போயிலை போடும் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும்.