பாம்பன் பாலமும் காரின் பேட்டரியும்

மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு இரு பக்கமும் கடல். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் ராமநாதபுரம் புறப்பட்டு, காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். டக் டக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பானட்டைத் தூக்கிப் பார்த்தபோது, பேட்டரியின் பிளஸ் முனையில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. கிளாம்ப்பை இறுக்கியிருந்த போல்ட்டின் தலை விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டில் விசைப்படகு இஞ்சின் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நாலு வருசம் ஓடிருச்சுல்ல, போதும். புதுசு வாங்கிட்டு வா, வீட்டுலயே மாட்டிரலாம்" என்றார். அப்போதுதான் ராமேசுவரம் போகும் ரயில் புதிய பாம்பன் பாலத்தை நோக்கிக் கடந்து போனது.

அந்த நொடியிலிருந்து இந்த இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று பதின்மூன்று பதினான்கு கிலோ எடையுள்ள பெட்டி; மற்றொன்று இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றே நீண்ட பாலம். ஒன்றை வீட்டு வாசலில் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டோம். மற்றொன்றை மாற்ற, 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியதிலிருந்து 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறப்பு வரை ஆறு ஆண்டுகள் ஆயின. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். ஆனாலும் இரண்டும் ஒரே வேதிவினையின் இரு முகங்கள் என்பதே என் வாதம். பேட்டரியில் அரிப்பை விலை கொடுத்து வாங்குகிறோம். பாலத்தில் அதே அரிப்பைத் தடுக்க விலை கொடுக்கிறோம்.

வயதிலிருந்தே தொடங்கலாம். ஈய அமிலப் பேட்டரியைப் பிரான்சின் காஸ்டன் பிளாந்தே 1859-இல் உருவாக்கினார். ஆனால் அது கார் இஞ்சினைச் சுழற்றிவிடும் வேலைக்கு வந்தது, காடிலாக் நிறுவனம் 1912-இல் செல்ஃப் ஸ்டார்ட்டரைப் பொருத்திய பிறகுதான். பழைய பாம்பன் பாலம் ரயிலுக்குத் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24 அன்று. ஆக, கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பும் தொல்லை முடிவுக்கு வந்ததும், பாம்பன் நீரிணையை ரயில் கடந்ததும் இரண்டே ஆண்டு இடைவெளியில் நடந்தவை. பாலம் நூறாண்டைத் தாண்டி நின்றது. பேட்டரியோ நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு ஆண்டுகளில் தலைமுறை மாறுகிறது. அந்த நூறாண்டுக் காலத்தில் ஒரே வண்டி ஓடியிருந்தால், அது இருபத்தைந்து பேட்டரிகளுக்கு மேல் தின்றிருக்கும்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தர, முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் கிடைக்கிறது. அறைக்குள் ஈயத் தகடு அமிலத்தில் கரையத் தொடங்கி எலக்ட்ரானைக் கைவிடுகிறது. எதிரே உள்ள ஈய டை ஆக்சைடு தகடு அதைப் பெற்றுக்கொள்கிறது. இடையே கம்பி வழியாக எலக்ட்ரான் ஓடும் வழியில்தான் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது. பாலத்தின் இரும்பிலும் இதே கதைதான். உப்பு ஈரம் படிந்த ஓரிடத்தில் இரும்பு கரைந்து எலக்ட்ரானை விடுகிறது. சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அதை வாங்கிக்கொள்கின்றன. அமிலத்தின் இடத்தில் கடல் உப்பு. கம்பியின் இடத்தில் இரும்பே. துரு என்பது யாருக்கும் வெளிச்சம் தராமல் ஓடித் தீரும் ஒரு பேட்டரி.

வேறுபாடும் இங்கேதான் முளைக்கிறது. பேட்டரியில் கரைந்ததை, இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் திருப்பித் தகட்டிலேயே சேர்த்துவிடும். அந்த வினைக்கு வந்த வழியே திரும்பத் தெரியும். துருவான இரும்பு மறுபடி இரும்பாக வேண்டுமானால் ஊது உலைக்குத்தான் போக வேண்டும். அந்த அளவில் பேட்டரி பழக்கிய காளை. துரு அவிழ்த்துவிட்ட காளை.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது இந்த உறவு இன்னும் துலங்குகிறது. வீட்டில் பேட்டரி மாற்றுகிறவர்கள் அறிந்த முதல் விதி: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். நானும் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு பிளஸ் பக்கம் குனிந்தேன். "மைனஸை மொதல்ல எடு தம்பி. கையில மோதிரம் வேற போட்டிருக்க, அதையும் கழட்டு" என்று தடுத்தார் அவர். வண்டியின் உடல் முழுதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால், சுற்று முழுமையாகித் தீப்பொறி பறக்கும்; மேலே ஹைட்ரஜன் தங்கியிருந்தால் பேட்டரியே வெடிக்கலாம். மைனஸைப் பிரித்துவிட்டால் சுற்று அறுந்தது. பிறகு பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கவலை இல்லை.

பாலத்திலும் செய்ய வேண்டியது சுற்றை அறுப்பதே. ஆனால் அங்கே கழற்ற மைனஸ் கம்பி கிடையாது. அரிப்பின் மின்னோட்டம் ஓடுவது பாலத்தின் உடம்பிலேயே. எனவே மிச்சமிருக்கும் முக்கியமான வழி, நீர் உலோகத்தைத் தொடாமல் விலக்கி வைப்பது. புதிய பாலத்துக்குப் பாலிசைலாக்சேன் பூச்சு தரப்பட்டதும், இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்து ஈரம் தங்கும் இடுக்குகளைக் குறைத்ததும் இதற்காகத்தான். பேட்டரியில் நீரை அகற்ற முடியாது, கம்பியைப் பிரிக்கிறோம். பாலத்தில் கம்பியைப் பிரிக்க முடியாது, நீரை அகற்றுகிறோம். இந்த இரண்டு வரிகளும் இப்படி ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் நிற்பதை முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

துப்புரவிலும் இரண்டுக்கும் ஒரே ஒழுங்கு. கேபிள் முனையில் பூத்திருந்த பொடியை, வெந்நீரில் கரைத்த ஆப்பச் சோடாவை ஊற்றிக் கழுவினோம். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் பழைய டூத் பிரஷ்ஷால் செம்பு மின்னும் வரை தேய்த்தோம். துடைத்து, காயவிட்டு, புதிய பேட்டரியைத் தட்டில் இறக்கிப் பிடிப்பை முறுக்கினோம். பிளஸ், பிறகு மைனஸ். இறுக்கி முடித்த பின்பே வாசலின் தடவினோம். உள்ளே உலோகத்தோடு உலோகம் படிய வேண்டும், மேலே காற்றும் ஈரமும் அண்டக் கூடாது. பாலத்துக்கு வண்ணம் அடிப்பவர்களும் பழைய துருவையும் உப்பையும் சுரண்டி எடுத்த பிறகே முதல் பூச்சைத் தொடுகிறார்கள். உப்பை உள்ளே வைத்துப் பூசினால், அது ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கொப்புளமாக்கும். அழுக்கின் மேல் தடவிய வாசலினும், உப்பின் மேல் அடித்த பெயின்ட்டும் அரிப்பை மூடித்தான் வைக்கின்றன, நிறுத்துவதில்லை.

பேட்டரியை எது கொன்றது என்ற கேள்விக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத திருப்பம் இது. பேட்டரி வேலை செய்வதே பழக்கிய அரிப்பால் என்றேன். அது சாவதோ பழகாத அரிப்பால். பிளஸ் தகட்டில் வினைபுரியும் பொருளைத் தாங்கி நிற்கும் ஈயச் சட்டம் நாளடைவில் தானே ஆக்சைடாகி, உப்பி, விரிசல் விட்டு, பிடிமானம் இழக்கிறது. வெப்பம் கூடக்கூட இது விரைவு கொள்ளும். ஏறத்தாழ பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையின் கணக்கு. கடலோர வீடுகளில் கூரையின் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பிளந்துகொண்டு வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரியின் உள்ளே நடப்பதும் அதேதான்; பார்க்க முடியாத இடத்தில் நடக்கிறது, அவ்வளவே.

மருந்திலும் அதே ஒற்றுமை. பேட்டரி செய்பவர்கள் ஈயத்தோடு ஒரு காலத்தில் ஆன்டிமனியும், இன்று பெரும்பாலும் கால்சியமும் கலந்து சட்டத்தை வார்க்கிறார்கள். புதிய பாலம் கட்டியவர்கள் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கொடுத்திருக்கிறார்கள். இருவரும் உலோகக் கலவையிடம்தான் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் நிறுவனம் நம் மண்ணிலேயே இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு 1948-இல் அடிக்கல் நாட்டினார். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1953-இல் திறந்துவைத்தார். முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் தந்தவர் அழகப்பச் செட்டியார். சிவகங்கை பிரியும் முன்பு காரைக்குடியும் ராமநாதபுரம் மாவட்டமே. பேட்டரி ஆராய்ச்சியும் அரிப்பு ஆராய்ச்சியும் அங்கே அண்டை வீடுகள். உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி அவை எவ்வளவு தேய்கின்றன என்று அளப்பதற்கு அந்த நிறுவனம் தேர்ந்த இடங்களில் ஒன்று எங்கள் மண்டபம். இந்த நாட்டில் இரும்புக்கு மிகக் கடுமையான காற்று வீசும் ஊர்களில் இதுவும் ஒன்று என்பதை அந்தத் தகடுகள் எப்போதோ சொல்லிவிட்டன.

நோய் வெளிப்படும் விதமும் ஒத்திருக்கிறது: இரண்டும் முதலில் வேகம் குறைகின்றன. என் வண்டியின் செல்ஃப் இரண்டு வாரமாகவே இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. குளிர்ந்த காலை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழைய பாலத்தில் ரயில்கள் ஊர்ந்தே போயின. 2022 டிசம்பர் 23 முதல் அதுவும் நின்றது. செத்த பேட்டரிக்குப் பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுப்பதுபோல், அந்த இரண்டே கால் ஆண்டும் ராமேசுவரம் தீவைத் தாங்கியது பக்கத்தில் நிற்கும் 1988-ஆம் ஆண்டின் சாலைப் பாலம்.

ஒன்றில் மட்டும் பாலத்துக்குப் பேட்டரியைவிடப் பெருமை அதிகம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கி, பாலத்தின் உத்திரங்களையும் அடித்துச் சென்றபோது, இ. ஸ்ரீதரன் தலைமையிலான அணி 46 நாட்களில் அதை மீண்டும் நிறுத்தியது. கடலில் விழுந்த உத்திரங்களையே மீட்டுப் பொருத்தினார்கள். பாலத்தைப் பகுதி பகுதியாகப் பழுது பார்க்கலாம். பேட்டரியில் ஓர் அறை போனால் ஆறும் போனதற்குச் சமம்.

புதிய பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி தந்த ரயில் பாதுகாப்பு ஆணையரின் 2024 நவம்பர் அறிக்கை, துருவைப் பற்றி அப்போதே எச்சரித்தது. பாலத்துக்குப் புதுமை என்பது ஒரு கால அவகாசம் மட்டுமே. என் புதிய பேட்டரிக்கும் அப்படித்தான். மாதம் ஒருமுறை பானட்டைத் தூக்கி முனைகளைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முடிவில் பழையதற்கு வருவோம். பழைய பாலத்தின் இரும்பு என்றைக்கு உலைக்குப் போனாலும் மறுபடி இரும்பாகும். பேட்டரியின் ஈயமும் உருக்கினால் மறுபடி பேட்டரியாகும். ஆனால் இரும்பு கடலில் கரைந்தால் கடலுக்குப் பெரிய கேடில்லை. ஈயம் அப்படியல்ல, கிணற்றிலும் மண்ணிலும் சேர்ந்தால் பிள்ளைகளின் மூளையைத் தொடும். பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. கடையிலும் அதற்கு விலை கழித்துத் தருகிறார்கள். ஆகவே வீட்டில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய பேட்டரியைக் கொல்லைப்புறத்தில் சாய்த்து வைக்காதீர்கள், அமிலத்தை மண்ணில் ஊற்றாதீர்கள். நிமிர்த்தி வைத்து அன்றே கடையில் ஒப்படையுங்கள்.