ஈட்டி எறிந்த கை

சிகரத்தை எட்டியோரின் வரலாற்றை உலகம் விரும்பிப் படிக்கிறது. பாதி வழியில் நின்றுவிட்டோரை விரைவில் மறந்துவிடுகிறது. ஆயினும், பாதி வழி ஏறுவதற்கும் எத்துணை உறுதி வேண்டும் என்பதை, நாள்தோறும் கொழுந்துக் கூடையுடன் சரிவுகளில் ஏறியிறங்கும் நுவரெலியா, ஹற்றன் பகுதி மக்கள் நன்கறிவர். அவ்வாறு பாதி வழி ஏறிய ஒருவரே ரிங்கு சிங்.

1988ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் லொறிச் சாரதி. பிள்ளைகள் ஒன்பதின்மர், வீடோ ஒற்றை அறை. லயன் அறைகளில் வளர்ந்தோருக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஈட்டி எறிதலில் இளையோருக்கான தேசியப் பதக்கம் பெற்ற அவர், லக்னோவிலுள்ள விளையாட்டுக் கல்லூரி ஒன்றிற் பயின்றார்.

2008ஆம் ஆண்டு, ஜே. பி. பேர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க விளையாட்டு முகவர், வேகமாகவும் குறி தவறாமலும் பந்தெறியும் இளைஞரைத் தேடி இந்தியாவிற் போட்டியொன்றை நடத்தினார். 37,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பேஸ்போல் ஆட்டத்தை ஆடியறியாத ரிங்கு, மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்து முதலிடமும் 100,000 டொலர் பரிசும் பெற்றார். மற்றோர் ஈட்டி வீரரான தினேஷ் பட்டேல் இரண்டாமிடம் பெற்றார்.

கிரிக்கட்டில் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிவது குற்றம். மலையகத் தோட்டத் தொழிலுக்கு வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரன், 1995ஆம் ஆண்டு மெல்பேர்ண் மைதானத்தில் அக்குற்றச்சாட்டையே எதிர்கொண்டார். பேஸ்போலிலோ அதுவே ஆட்டத்தின் உயிர். ஆதலால் எறிபவரின் முழங்கை பெரும் பாரத்தைத் தாங்குகிறது.

கலிபோர்னியாவில் டொம் ஹவுஸ் என்னும் பயிற்றுநரிடம் சில மாதங்கள் பயின்ற இருவரும், 2008 நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகத்துடன் ஒப்பந்தம் செய்தனர். அமெரிக்கப் பெருங்கழகமொன்று தொழில்முறை வீரராக ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர்கள் இவர்களே. எனினும் ஒப்பந்தம் என்பது வாயிற்படி மட்டுமே. பெருங்குழுவை அடையுமுன் கீழ்நிலைக் குழுக்கள் பலவற்றைப் படிப்படியாகக் கடத்தல் வேண்டும். மிகப் பலர் அப்படிகளிலேயே நின்றுவிடுகின்றனர்.

2009 ஜூலையில் ரிங்கு முதன்முதலாகக் களமிறங்கி, அம்மாதத்திலேயே தம் முதல் வெற்றியையும் ஈட்டினார். 2010இன் இறுதியில் தினேஷ் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். தனித்து நின்ற ரிங்கு தளரவில்லை. 2012ஆம் ஆண்டு மேற்கு வேர்ஜீனியாக் குழுவுக்காக 39 ஆட்டங்களில் எறிந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி மூன்று ஓட்டங்களையே விட்டுக்கொடுத்தார். அடுத்த படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் முழங்கை முறையிட்டது. 2013இல் சத்திரசிகிச்சை, அதன்பின் பருவங்கள் ஆடாமலே கழிந்தன.

2014ஆம் ஆண்டு, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைக்க, அவர்தம் கதை திரைப்படமாக வெளிவந்தது. ஒப்பந்தம் கைகூடும் மகிழ்ச்சியோடு படம் நிறைவெய்துகிறது. ஆனால் கதைக்குரியவரோ அவ்வேளை காயத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தார். பெருங்குழுவிற் களமிறங்கும் பேறு அவருக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. 2018இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்திற் புகுந்தார்.

இதனைத் தோல்வி என்பதா? ஓர் அறையிலிருந்து புறப்பட்டு, அறியாத ஆட்டத்தை இருபதாம் வயதிற் கற்று, அதிலேயே ஊதியம் பெற்று வாழ்ந்தவர் தோற்றவர் ஆகார். சிந்திக்க வேண்டியது வேறொன்றுண்டு. அந்த இளைஞரின் கைவலிமை போட்டி நடந்த நாளிற் பிறந்ததன்று. தேடி வந்தவர் அன்றுதான் வந்தார். நம் மலைச்சரிவுகளிலும் மைதானமின்றி, பயிற்றுநரின்றி எத்தனை கைகள் காத்திருக்கின்றனவோ! கடல் கடந்து ஒருவர் வரும்வரை அவை காத்திருத்தல் தகுமா?