கோல்ச்சிசின்

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டு மருந்துக் கடையில், கட்டைவிரல் வீங்கும்போதெல்லாம் பெரியப்பா வாங்கும் மாத்திரை. கருங்கடலின் கீழ்க்கரையில் இருந்த கோல்க்கிஸ் நாட்டின் பெயர் முதலில் ஒரு செடிக்கு வந்தது. செடியிலிருந்து மருந்துக்கு ஏறியது. அதே சரக்கு நம் தாராபுரம், மூலனூர்க் காடுகளிலும் விளைகிறது: கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்குமாம்; எனக்கு வலித்ததில்லை. காசு விதைக்குத்தான்.

செல்லுக்குள் ஓடும் நுண்குழல்களின் புரதத்தைக் கோல்ச்சிசின் பற்றிக்கொள்ளும். அப்படித்தான் அந்தப் புரதமே 1967இல் பிடிபட்டது. மறு ஆண்டு அதற்கு டியூபுலின் என்று பெயர் வைத்தார்கள். இலத்தீனில் டியூபுலஸ் என்றால் சிறுகுழல்.

அக்குழலில் அசிட்டைல் என்ற சிறு துணுக்கு ஒட்டுவதுண்டு. அசிட்டைலின் வேர் அசிட்டம், நம் காடிதான். மூட்டில் தங்கிய யூரிக் அமிலப் படிகத்தை விழுங்கும் வெள்ளணுக்களில் இந்தக் காடி முத்திரை கூடுகிறது. குழல் வழியே மைட்டோகாண்ட்ரியா இழுபட்டு வர, என்எல்ஆர்பி3 என்னும் அழற்சிப் பொறி கிளம்புகிறது. கோல்ச்சிசின் குழலையே கட்டவிடாது, வீக்கம் வடிகிறது. அளவு தப்பினால் உயிருக்கே உலை, கிழங்கானாலும் மாத்திரையானாலும்.