கவனக்குவிப்பும் மீளச் சிந்தித்தலும் (மட்டக்களப்பு)

மனத்தை ஒரு பொருளில் நிறுத்திக் கற்பதையும், கற்றதைப் பின்னர் தனக்குள் திருப்பிப் பார்ப்பதையும் வகுப்பறைப் பணியாகவே கொள்ளும் கற்பித்தல் முறை. உயர்கல்வியில் இன்று வழங்கும் வடிவத்துக்கு ஜோன் டூயி 1910இல் சிந்திக்கும் முறை பற்றி எழுதிய நூலும், ஜோன் கபட்-சின் 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளருக்காகத் தொடங்கிய தியானப் பயிற்சியும் முக்கிய ஊற்றுகள். மட்டக்களப்பு வாவிக்கரையில் இதற்குச் சொந்த வேர் ஒன்று உண்டு: சுவாமி விபுலாநந்தர் (1892–1947).

காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, 1924இல் துறவு பூண்ட அவர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கல்வியின் சாரம் மனத்தை ஒருமுகப்படுத்துவதே என்ற விவேகானந்தர் கருத்தில் ஊன்றியவர். ஈசன் உவக்கும் மலர்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடல், மல்லிகை முதலான பூக்களை விலக்கி, உள்ளத்தைத் தாமரையாகவும் கூப்பிய கையைக் காந்தளாகவும் கண்ணை நெய்தலாகவும் காண்கிறது. பக்திப் பாடலான இதையே கவனத்தின் பாடமாகவும் படிக்கலாம். மனம், கை, கண் மூன்றும் அதில் ஒன்றாக வேலை செய்கின்றன.

வாவி தரும் பாடம் செவிக்கானது. நிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். தந்தியை மீட்டினாற் போன்ற மெல்லோசை கேட்கும் என்பர். ‘பாடும் மீன்’ என்ற பெயர் அதனால் வந்தது. பேச்சை நிறுத்தி, துடுப்பை அசையாமல் பிடித்து, பொறுமையோடு காத்திருந்தால்தான் எதுவும் காதில் விழும். விபுலாநந்தர் இந்த ஓசையை நீரர மகளிர் பாடலாக்கினார். பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து ஆராய்ந்த அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கேட்பது, அளப்பது, ஐயுறுவது, மறுபடி கேட்பது என்ற அந்த உழைப்பு மீளச் சிந்தித்தலுக்கு மிகச் சிறந்த சான்று.

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள் பயிற்சியின் இறுதி ஆண்டைப் பாடசாலைகளில் உள்ளகப் பயிற்சியாகக் கழிக்கிறார்கள். மீளச் சிந்தித்தலுக்கு அதைவிட நல்ல களம் கிடையாது. பிள்ளைகளின் கவனம் எந்தக் கட்டத்தில் கலைந்தது, அப்போது நான் என்ன செய்தேன் என்று அன்றன்றே குறிப்பேட்டில் நாலு வரி எழுதிவைத்தால் மறுநாள் பாடமே மாறும்.

நீண்ட போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னால், சிலருக்குப் பழைய துயரம் அப்படியே திரும்பி வரக்கூடும். ஆகவே இங்கே கவனக்குவிப்புப் பயிற்சியைத் திறந்த கண்ணோடு, வெளியே கேட்கும் ஓசையிலிருந்து தொடங்குவதே தகும். விலகியிருக்க விரும்பும் மாணவருக்கு அந்த உரிமையும் வேண்டும். குறிப்பேட்டுக்குப் புள்ளி போடவும் கூடாது. புள்ளி என்று வந்துவிட்டால், மாணவர் தான் கண்டதை விட்டுவிட்டு விரிவுரையாளர் விரும்புவதை எழுதத் தொடங்கிவிடுவார்.