கொழுப்பும் பேசும்: சீனி வருத்தத்தின் மறுபக்க வரலாறு



கல்யாண வீட்டில் உடம்பு பெருத்த ஒருவர் வட்டிலப்பத்துக்குக் கை நீட்டினால் நாம் என்ன சொல்கிறோம்? "வாயைக் கட்டத் தெரியாது, சீனி வராமல் என்ன செய்யும்?" அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று பார்க்கக் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டுவோம்.

1921இல் டொரொண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. நீரிழிவு என்றால் இன்சுலின் குறைவு என்பதே அன்றைய பொதுவான எண்ணம். 1936இல் லண்டன் வைத்தியர் ஹரோல்ட் ஹிம்ஸ்வர்த் வேறொன்றைக் காட்டினார்: சிலருக்கு இன்சுலின் கொடுத்தாலும் அது சரியாக வேலை செய்வதில்லை. 1960 அளவில் நியூயோர்க்கில் ரோசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் இரத்தத்தில் இன்சுலினை அளந்தார்கள். நடுவயதில் சீனி வந்த பலருக்கு இன்சுலின் தாராளமாகவே இருந்தது! சாவி இருக்கிறது, பூட்டுத்தான் திறக்கவில்லை.

பூட்டைக் கெடுப்பது எது? அக்காலத்தில் கொழுப்பை வெறும் களஞ்சிய அறையாகவே பார்த்தார்கள். அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில் பிறவியிலேயே கொழுக்கும் சுண்டெலி வகையொன்று இருந்தது. டக்ளஸ் கோல்மன் அதில் ஒன்றைச் சாதாரண சுண்டெலியோடு இரத்தம் கலக்கும்படி இணைத்தார். கொழுத்தது தீனியைக் குறைத்தது! அதனிடம் இல்லாத ஏதோவொரு செய்தி மற்றதன் இரத்தத்தில் வந்திருக்கிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதைக் கண்டுபிடித்தது. பெயர் லெப்டின். அதை அனுப்புவது கொழுப்புக் கலமே.

அதற்கு முந்திய வருடம் கோகான் ஹோதமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும், கொழுத்த எலிகளின் கொழுப்பு 'ரி.என்.எஃப். அல்ஃபா' என்ற அழற்சிப் பொருளை அதிகம் சுரப்பதைக் கண்டார்கள். அதைத் தடுத்தபோது இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மனிதரில் அந்த ஒன்றைத் தடுப்பது மட்டும் போதவில்லை, செய்திகள் பல. இன்சுலினுக்கு உதவும் அடிபோனெக்டின் உடல் பருக்கும்போது குறைகிறது. நிரம்பி வழியும் கொழுப்புக் கலங்களிலிருந்து கொழுப்பமிலங்கள் ஈரலிலும் தசையிலும் போய்ச் சேர்கின்றன. 2003இல் வெளியான ஆய்வுகள், பருத்தவர்களின் கொழுப்புக்குள் நோயெதிர்ப்புக் கலங்கள் குவிவதையும் காட்டின.

ஆக, சீனி வருத்தம் வெறும் வாய்ப் பழக்கத்தின் கதையல்ல. பரம்பரையும் உடலுக்குள் நடக்கும் இந்தப் பேச்சும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதற்காக "விதி" என்று உட்காரவும் முடியாது. எடையைக் கொஞ்சம் குறைத்தாலே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். நடக்கும்போது தசை இன்சுலின் உதவியில்லாமலும் சீனியை உள்ளே இழுக்கும்.

கேலிக்குப் பயந்து இரத்தம் சோதிக்காமல் மறைப்பவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களைக் கண்டால், குத்திக் காட்டாமல் "வாங்க, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்" என்று கூப்பிடுவோம்.