கண்ட காட்சியும் பிடித்த படமும்

பழனி மலைத்தொடரில் காப்பித் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் தாண்டிக்குடி. அதன் சுற்றுப்புறத்தில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளை இன்றும் காணலாம். பலகைக் கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் மூடுகல் ஒன்றை ஏற்றி, பண்டைய மக்கள் எழுப்பிய ஈமச்சின்னங்கள் அவை. இம்மலைக் கல்திட்டைகளைப் பற்றி அங்லாத், நியூட்டன் என்னும் பாதிரிமார் இருவர் எழுதிய நூலை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

1984-ஆம் ஆண்டில், இளம் ஆசிரியனாக இருந்த நான், மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். கையில் ஒரு பெட்டிக் காமிரா. அருகே நின்று, கல்திட்டை முழுவதும் தெரிவதைப் பார்த்தே விசையை அமுக்கினேன். படத்தைக் கழுவி வாங்கியபோது நிறுத்திய கற்கள் இருந்தன, மூடுகல்லைக் காணோம்! நாம் பார்க்கும் துளை மேலே இருக்கிறது. படம் பிடிக்கும் லென்ஸோ கீழே இருக்கிறது. தொலைவிலுள்ள மலையை எடுக்கும்போது இவ்வேறுபாடு தோன்றாது. அண்மைப் பொருளில் தலை அறுபட்டுப் போகும்.

இக்குறை இல்லாதது ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்புக் காமிரா. லென்ஸின் பின்னே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கும். உள்ளே வரும் ஒளியை அது மேலேயுள்ள மங்கற் கண்ணாடியில் விழச் செய்யும். விசையை அமுக்கியதும் கண்ணாடி மேலெழும், ஷட்டர் திறக்கும், அதே ஒளி பிலிமிற் படும். ஆகவே லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம்.

இவ்வமைப்புக்குத் தாமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேயர் 1861-இல் காப்புரிமை பெற்றார். 35 மி.மீ. பிலிமுக்குரிய எக்ஸாக்டா, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936-இல் தோன்றியது. அதிற் குனிந்து பார்க்கவேண்டும். இடப்புறம் வலப்புறமாகத் தெரியும். 1949-இல் அந்நகரிலேயே வெளிவந்த காண்டாக்ஸ்-எஸ், ஐம்முகப் பட்டகம் ஒன்றினால் அவ்விடரை நீக்கிற்று. படம் எடுத்ததும் மேலெழுந்த கண்ணாடி அங்கேயே நின்று பார்வையை மறைப்பதும் ஒரு தொல்லையாக இருந்தது. அது உடனே தானாக இறங்கும் வசதியை ஜப்பானிய அசாஹி நிறுவனம் 1954-இல் தன் காமிராவிற் சேர்த்தது.

நிற்க. அந்நிறுவனம் 1976-இல் வெளியிட்ட பென்டாக்ஸ் கே1000 என்னும் காமிராவை, 1990-இல் நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று, மீண்டும் தாண்டிக்குடி சென்றேன். அதில் ஒளிமானிக்கு மட்டுமே மின்கலம் வேண்டும். மற்ற யாவும் பொறியியக்கமே. தெளிவு, துவாரம், நேரம் ஆகிய மூன்றையும் நாமே தீர்மானிக்கவேண்டும். வளையத்தைத் திருகி மூடுகல்லைத் தெளிவாக்கினேன். முன்கல்லும் பின்கல்லும் ஒருசேரத் துலங்கவேண்டித் துவாரத்தை 5.6-லிருந்து 11-க்குச் சுருக்கினேன். ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. எனவே 1/60 விநாடியை 1/15 ஆக்கினேன். கை நடுங்குமே என்று காமிராவைப் பாறைமேல் ஊன்றி வைத்தேன். படம் நன்றாக வந்தது.

ஆனால் அது வேறொரு கல்திட்டை. முன்னர் நான் எடுத்ததன் மூடுகல் அதற்குள் சரிந்து, இரண்டாகப் பிளந்து கிடந்தது. அது மேலே இருந்ததற்கு என்னிடமிருந்த படம் சாட்சி சொல்லவில்லை.

நேயர்களே! உங்கள் ஊர்ப் பழஞ்சின்னத்தை எந்தக் காமிராவினால் எடுத்தாலும், நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு விசையை அமுக்குங்கள்.