நித்தியகல்யாணியும் குழந்தைப் புற்றுநோய்க்கான ஆய்வக மாதிரியும்: தூத்துக்குடி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தூத்துக்குடியின் கடல்வணிக வரலாறு பெரும்பாலும் முத்து, சங்கு, உப்பு ஆகியவற்றை மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. இவ்வட்டாரத்திலிருந்து வெளிநாடு சென்ற மூலிகைகள் அதில் போதிய இடம் பெறவில்லை. அவற்றுள் ஒன்று நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என ஒதுக்கப்பட்ட இச்செடி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தரும் பயிரானதில் ஆய்வக மாதிரி ஒன்று வகித்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

செடியின் தாயகம்

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். கடல்வழியே வெப்பமண்டல நாடுகள் பலவற்றிற்கும் பரவிய இச்செடி, பல இடங்களில் நீரிழிவுக்கான கைமருந்தாகப் பயன்பட்டது. எனவே இதன் புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றலைத் தமிழரின் தொன்மையான கண்டுபிடிப்பாகக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எலியில் கிடைத்த விடை

1952இல் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடிய அறிஞர் ராபர்ட் நோபிள் நீரிழிவு நோக்கிலேயே ஆராய்ந்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. மாறாக, ஆய்வு எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் அறிவிக்கப்பட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடா, இர்விங் ஜான்சன் ஆகியோர் தாவரச் சாறுகளைச் சோதித்துவந்தனர். அவர்கள் பயன்படுத்திய மாதிரிகளுள் ஒன்று பி-1534. ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்கு மாற்றி வளர்க்கத்தக்க இரத்தப் புற்றுநோய் இது. இந்நோய் கண்ட எலிகளின் வாழ்நாளை நித்தியகல்யாணிச் சாறு வெகுவாக நீட்டித்தது. இத்தடத்தில் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உயிரணு பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் உருவாவதைத் தடுப்பதே இதன் செயல்முறை.

எலியின் நோய் குழந்தையின் நோயன்று. எனினும் எண்ணற்ற சாறுகளுள் எதைத் தொடர்ந்து ஆராய்வது என்ற வினாவுக்கு அம்மாதிரி விடையளித்தது. ஆய்வக மாதிரியின் பயன் நோயை அப்படியே படியெடுப்பதில் இல்லை. அடுத்த அடியைக் காட்டுவதில் உள்ளது.

மானாவாரி நிலமும் மருத்துவமனையும்

தமிழகத்தின் இந்தியக் கடற்பகுதியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் பின்னைய பத்தாண்டுகளில் தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதி மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி வணிகப் பயிராயிற்று. இலை வின்கிரிஸ்டினுக்கும், வேர் இரத்த ஓட்டம் சார்ந்த மருந்தான அஜ்மலிசினுக்கும் தேவைப்பட்டன. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர் இலை வேண்டும். ஒரு நன்முத்துக்காக ஆயிரமாயிரம் சிப்பிகளைத் திறந்த கடற்கரைக்கு இவ்விகிதம் புதிதன்று.

1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகியவை குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி-841 என்னும் பொதுச் சிகிச்சை முறையைக் கையாண்டன. அதிலும் வின்கிரிஸ்டின் இடம்பெற்றது.

முடிவுரை

இவ்வரலாறு தற்செயலான ஓர் அவதானிப்பு, பொருத்தமான ஆய்வக மாதிரி, உழவரின் உழைப்பு ஆகிய மூன்றும் இணைந்ததாகும். மருத்துவ வரலாறு முதலிரண்டையும் பதிவு செய்தது. மூன்றாவது ஏற்றுமதிக் கணக்கில் 'இலை', 'வேர்' என்ற சொற்களாகச் சுருங்கிவிட்டது. பச்சிலையை அப்படியே உண்பது நஞ்சாகலாம் என்பதையும் இவ்வரலாறு நினைவூட்டுகிறது. இலையை மருந்தாக்கியது அளவறிந்த சோதனையே. இச்செடியைப் போற்றுவோர் அச்சோதனையையும், வெயிலில் இலை பறித்த கைகளையும் ஒருசேர நினைவுகூர்தல் வேண்டும்.